லைசென்ஸும் மெடிக்கல் செக்கப்பும் போதுமா? பாலியல் தொழிலும் சட்டமும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "பாலியல் தொழிலை எப்படியும் ஒழிக்க முடியாது. பேசாமல் சட்டபூர்வமாக்கி, லைசென்ஸ் கொடுத்து, மாதாமாதம் மெடிக்கல் செக்கப்பைக் கட்டாயமாக்கி, வரியும் வசூலித்தால் எல்லோருக்கும் நல்லதுதானே? பாலியல் வன்கொடுமைகளும் குறையும் அல்லவா?" இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது வந்த ஒருவர் பணத்துக்காகப் பாலுறவு கொள்வது போலீஸின் வேலையாக இருக்க வேண்டுமா என்பது ஒன்று. போலீஸ் விலகிய பிறகு அரசாங்கம் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் பதிலில் தயக்கமே இல்லை: குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதாவது குற்றநீக்கம். இரண்டாவதில்தான் உங்களோடு முரண்படுகிறேன். நீங்கள் சொல்லும் லைசென்ஸும் கட்டாயப் பரிசோதனையும், முதல் மாற்றத்தால் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும்.

நான் பால்வினை நோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவன். எச்ஐவி தடுப்புத் திட்டங்களிலும், பாலியல் தொழிலாளர்களுக்கான கிளினிக்குகளிலும் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். வக்கீல் இல்லை. தவிர, என் அனுபவத்தில் ஒரு சாய்வு உண்டு: கிளினிக் வரை நடந்து வரக்கூடியவர்களைத்தான் எனக்குத் தெரியும். அறைக்குள் பூட்டி வைக்கப்பட்டவர்கள் என்னைப் போன்றவர்களின் கண்ணில் படுவது அபூர்வம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். திருநங்கைகளும் ஆண்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். வசதிக்காகச் சில இடங்களில் பெண்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பல நாடுகளில் பணத்துக்காக உறவு கொள்வது நேரடியாகக் குற்றமே இல்லை. அதைச் சுற்றியுள்ளவைதான் குற்றம். இந்தியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்டது. விடுதி நடத்துவது, இன்னொருவரின் பாலியல் தொழில் வருமானத்தில் வாழ்வது, பொது இடத்தில் ஆள் அழைப்பது எல்லாம் அதில் தண்டனைக்குரியவை. காகிதத்தில் படித்தால் தரகரையும் முதலாளியையும் குறிவைத்து எழுதியது போலத்தான் தெரியும். ஆனால் இரண்டு பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்று ஒரே வீட்டில் தொழில் செய்தால், அந்த வீடே சட்டத்தின் கண்ணில் விடுதி ஆகிவிடுகிறது. அம்மா அனுப்பும் பணத்தில் கல்லூரியில் படிக்கும் 18 வயது தாண்டிய மகன் 'வருமானத்தில் வாழ்பவன்' என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறான். கனடாவிலும் ஏறக்குறைய இதே மாதிரியான பிரிவுகள் இருந்தன. பாதுகாப்பாக வேலை செய்ய எடுக்கும் ஒவ்வொரு ஏற்பாட்டையும் சட்டமே தடுக்கிறது என்று சொல்லி, அவற்றில் மூன்றை அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் ஒருமனதாக ரத்து செய்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. சுயவிருப்பத்தோடு தொழிலில் இருப்பவர்களை ரெய்டில் கைது செய்யக் கூடாது, ஆணுறையைச் சாட்சியமாகக் காட்டக் கூடாது, தாய் இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்பதற்காகப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சட்டப் பிரிவுகள் மட்டும் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன.

ஆணுறை சாட்சியமாவது என்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்ன விஷயம். கிளினிக்கில் அதுதான் பெரிய தலைவலி. ஒரு பெட்டி நிறையக் கொடுத்தாலும் இரண்டு மூன்றைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். பையில் அதிகம் இருந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் கேஸ் போட அதுவே போதும் என்ற பயம். இரவு முடிவதற்குள் அந்த மூன்றும் தீர்ந்துவிடும். அப்புறம் வருகிறவரிடம் பேரம் பேச அவர்கள் கையில் எதுவும் இருக்காது. வாடிக்கையாளர் அடித்தாலோ பணத்தைப் பிடுங்கிக்கொண்டாலோ புகார் கொடுக்கப் போவதும் இல்லை; புகார் கொடுக்கப் போனவர் மீதே வழக்கு வந்த கதையை ஒவ்வொருவரும் சொல்வார்கள். மாமூல் வாங்குகிறவரிடமே போய்ப் பாதுகாப்புக் கேட்பது எப்படி?

இது ஒரு மருத்துவரின் மனப்பதிவு மட்டும் இல்லை. 33 நாடுகளில் நடந்த 130க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு பெரிய மீளாய்வு வெளிவந்தது. கைது, ரெய்டு, ஆணுறை பறிமுதல் போன்ற போலீஸ் கெடுபிடிக்கு ஆளானவர்கள், ஆளாகாதவர்களைவிட வன்முறையைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு, எச்ஐவி அல்லது பால்வினை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அது கண்டது. கெடுபிடி எங்கே அதிகமோ அங்கே வறுமையும் அதிகமாக இருக்கலாம் என்பதால் எண்களை அப்படியே தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நாட்டுக்கு நாடு எவ்வளவு வேறுபட்டாலும் முடிவு ஒரே பக்கம்தான் சாய்கிறது. குற்றநீக்கம் செய்தால் பத்தாண்டுகளில் பாலியல் தொழிலாளர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் புதிய எச்ஐவி தொற்றுகளில் 33 முதல் 46 சதவீதம் வரை தவிர்க்கலாம் என்று 2014இல் வந்த கணிப்பைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். அது கணித மாதிரி போட்டு எடுத்த எண். கண்ணால் பார்த்து அளந்தது போல அதைச் சொல்வது சரியில்லை.

வாங்குகிறவரை மட்டும் தண்டித்தால் என்ன என்று அடுத்து யாராவது கேட்பார்கள். ஸ்வீடன் 1999இல் இதைத் தொடங்கியது: விற்பது குற்றமில்லை, வாங்குவது குற்றம். நார்வே, ஐஸ்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து எனப் பல நாடுகள் பின்னாலேயே வந்தன. கனடாவும் மேலே சொன்ன தீர்ப்புக்கு மறு வருடம் இந்த வழிக்கே போனது. இதன் பின்னால் உள்ள அறவாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பணமும் அதிகாரமும் வாங்குகிறவர் பக்கம் இருக்கும்போது பழியும் அங்கேதான் விழ வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நடைமுறை வேறு மாதிரி. பிடிபடுவோம் என்று பயப்படும் வாடிக்கையாளர் பெயர் சொல்ல மாட்டார், வெளிச்சமான இடத்துக்கு வர மாட்டார், தெருவில் நின்று பேச நேரம் தர மாட்டார். ஆளை எடைபோட ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடமும் போய்விடுகிறது. தெருவில் நிற்பவர்கள் எண்ணிக்கை பாதியாகிவிட்டது என்று 2010இல் ஸ்வீடன் அரசின் ஆய்வு சொன்னது. தெருவில் குறைந்தது உண்மையாக இருக்கலாம். அதே காலத்தில்தான் இணையமும் செல்போனும் வந்தன, எதனால் எது குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். வட அயர்லாந்து 2015இல் இதே சட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு வருடம் கழித்து அதன் நீதி அமைச்சகமே கேட்டு வாங்கிய மதிப்பீடு, தேவை குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. சட்டம் நோக்கத்தில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதை வைத்துத்தான் அதை நான் பார்ப்பேன்.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். பதிவேடு என்று ஒன்று வைத்தால் அதில் பெயர் கொடுப்பவர்கள் யார்? மறைக்க எதுவும் இல்லாதவர்கள். இந்தத் தொழிலில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். பிள்ளைகளின் பள்ளி, ஊரில் உள்ள தங்கையின் கல்யாணம், விசா, நாளை வேறு வேலைக்குப் போகும்போது பழைய பதிவு தலைகாட்டுமா என்ற பயம் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். ஜெர்மனி 2002இல் இதை ஒரு வேலையாக ஏற்றுக்கொண்டது, 2017இல் பதிவைக் கட்டாயமாக்கியது. 2023 முடிவில் பதிவு செய்தவர்கள் சுமார் 30,600 பேர். அந்த நாட்டில் மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கே இல்லை. ஆனால் பதிவு எண்ணிக்கையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை யாரும் மறுப்பதில்லை. செனகல் நாடு 1969 முதல் பதிவும் மருத்துவ அட்டையும் வைத்திருக்கிறது, அங்கேயும் பெரும்பாலோர் பதிவேட்டுக்கு வெளியேதான். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சில மாவட்டங்களில் உரிமம் பெற்ற விடுதிகள் உண்டு. ஆனால் அந்தத் தொழில் அதிகம் நடப்பதாக எல்லோரும் நினைக்கும் லாஸ் வேகாஸ் நகரில் அது சட்டவிரோதம். ஆக, எங்கே பார்த்தாலும் சட்டத்துக்குள் ஒரு சின்னக் கூட்டம், வெளியே ஒரு பெரிய கூட்டம். வெளியே இருப்பவர்களின் நிலை முன்பைவிட மோசம். 'லைசென்ஸ் வாங்கியிருக்கலாமே' என்று கேட்டு அவர்களைப் பிடிக்க இப்போது புதிய காரணமும் கிடைத்துவிட்டது.

கட்டாயப் பரிசோதனை பற்றித்தான் எனக்குப் பேச அதிகத் தகுதி உண்டு. எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். ஆனால் உடலில் வைரஸ் மிக அதிகமாக இருந்து மற்றவருக்கு எளிதில் பரவுவதும் அந்த வாரங்களில்தான். ஆக, 'நெகட்டிவ்' என்று முத்திரை குத்திய அட்டை எதற்கும் உத்தரவாதம் ஆகாது. அட்டையைப் பார்த்த வாடிக்கையாளர் ஆணுறை வேண்டாம் என்பார், இந்தப் பேச்சைக் கேட்காத பாலியல் தொழிலாளி இருக்க மாட்டார். தவிர, சோதிக்கப்படுவது ஒரு பக்கம் மட்டும். ஒரு பெண்ணைப் பல ஆண்களிடமிருந்து காப்பாற்றும் எந்த ஏற்பாடும் அந்த அட்டையில் இல்லை. அவள் வெறும் கிருமிக் கிடங்காகக் கருதப்படுகிறாள். உலக சுகாதார நிறுவனம் கட்டாயப் பரிசோதனையை ஏற்பதில்லை. விருப்பத்தின் பேரில், இரகசியமாக, சிகிச்சையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும் என்கிறது.

இது புதிய யோசனையும் இல்லை. படைவீரர்களுக்குப் பால்வினை நோய் பெருகியதால் பிரிட்டன் 1864இல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. துறைமுக, ராணுவ நகரங்களில் சந்தேகப்படும் பெண்களைப் போலீஸ் பிடித்து உடல் சோதனைக்கு அனுப்பலாம், நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் அடைக்கலாம். 1868இல் அதே மாதிரிச் சட்டம் இந்தியாவிலும் வந்தது. சிப்பாய்களைச் சோதிக்கும் வழக்கம் அதற்கு முன்பே கைவிடப்பட்டிருந்தது, அவர்களுக்கு அது அவமானமாக இருந்ததாம். ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி நாடு முழுக்கப் பேசிப் போராடி 1886இல் பிரிட்டன் சட்டம் ரத்தாகியது, இந்தியச் சட்டம் 1888இல். நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பீர்கள், சந்தேகமில்லை. ஆனால் மாதாந்திர செக்கப் என்ற யோசனையின் பூர்வீகம் இது.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தாய்லாந்தில் பாலியல் தொழில் சட்டப்படி குற்றம். ஆனாலும் 1991 முதல் நாடு முழுவதும், ஆணுறை இல்லாமல் எந்த விடுதியிலும் உறவு கிடையாது என்ற விதியை அரசாங்கம் விடுதி முதலாளிகள் மூலம் அமல்படுத்தியது. ஒத்துழைக்காத விடுதியை மூடலாம். 1989இல் 14 சதவீதமாக இருந்த ஆணுறைப் பயன்பாடு சில வருடங்களிலேயே 90 சதவீதத்தைத் தாண்டியது. எச்ஐவி பரவல் குறைந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சட்டத்தை மாற்றாமலே, மேலிருந்து கட்டாயப்படுத்தியே சாதித்தார்கள். இதை நான் மறைக்க முடியாது. ஆனால் அங்கே எல்லா விடுதிக்கும் ஒரே விதி என்பதால் பக்கத்து விடுதிக்குப் போகிறேன் என்று வாடிக்கையாளர் மிரட்ட முடியவில்லை. அழுத்தம் விழுந்தது முதலாளி மீது. கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகாச்சியில் 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய திட்டம் நேர் எதிர் வழியில் போனது. அந்தப் பகுதிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார், அவர்களுக்கென்று அமைப்பு உருவானது. அங்கேயும் ஆணுறைப் பயன்பாடு பல மடங்கு உயர்ந்தது, சட்டம் அப்போதும் மாறவில்லை. ஆக, சட்டம் மாறினால்தான் எதுவும் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் மாறாத இடத்தில் கிடைத்த முன்னேற்றம் ஒரு புதிய போலீஸ் அதிகாரி வந்தாலே ஆட்டம் கண்டுவிடும், அதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஒழுங்குமுறையே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு இல்லை. தொழிற்சாலை ஆய்வாளர் இயந்திரத்தையும் முதலாளியின் கணக்கையும் சோதிப்பது போல, இங்கேயும் சோதிக்க வேண்டியது இடத்தையும் முதலாளியையும். நியூசிலாந்து 2003இல் நிறைவேற்றிய சட்டம் இந்த வகையில் நான் படித்ததிலேயே நிதானமானது. நாடாளுமன்றத்தில் 60க்கு 59 என்று ஒரே ஓட்டில் தப்பிப் பிழைத்த சட்டம் அது. விடுதி நடத்துபவர் சான்றிதழ் வாங்க வேண்டும். பெண்கள் வாங்க வேண்டியதில்லை. நான்கு பேர் வரை சேர்ந்து, யாரும் யாருக்கும் முதலாளியாக இல்லாமல் வேலை செய்தால் அந்தச் சான்றிதழும் தேவையில்லை. ஒப்புக்கொண்ட பிறகும், எந்த நேரத்திலும், மறுக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. பாதுகாப்பான உறவுக்கான பொறுப்பு வாடிக்கையாளருக்கும் உண்டு, மீறினால் அபராதம். எனக்கு மிகவும் பிடித்த பிரிவு ஒன்று: மருத்துவப் பரிசோதனை செய்திருப்பதால் இவருக்கு நோய் இல்லை என்று விடுதிக்காரர் சொல்வதோ, அப்படித் தோன்றும்படி நடந்துகொள்வதோ குற்றம். நீங்கள் கேட்ட அட்டைக்கு நேர் எதிர்.

அங்கே தொழில் பெருகிவிடும் என்ற பயம் பலித்ததா? கிறைஸ்ட்சர்ச் நகரில் 1999இல் எண்ணியபோது 375 பேர், 2006இல் 392 பேர். பெருக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. மறுப்பது இப்போது எளிதாக இருக்கிறது என்று ஆய்வில் பெரும்பாலோர் சொன்னார்கள். 2014இல் விடுதி நடத்துபவர் ஒருவர் மீது பாலியல் தொழிலாளி ஒருவர் பாலியல் சீண்டல் புகார் கொடுத்து, தீர்ப்பாயத்தில் ஜெயித்து, 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். இப்படி ஒரு வழக்கை வேறு பல நாடுகளில் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அந்தச் சட்டத்திலும் ஒரு பெரிய ஓட்டை: தற்காலிக விசாவில் வந்தவர்கள் இந்தத் தொழில் செய்யக் கூடாது. ஆள் கடத்தலைத் தடுக்கவென்று போட்டது, விளைவு வேறு. 'போலீஸுக்குப் போனால் உன்னை நாடு கடத்துவார்கள்' என்று மிரட்ட முதலாளிக்கு அதுவே ஆயுதம். பெல்ஜியம் 2022இல் குற்றநீக்கம் செய்து, 2024 டிசம்பர் முதல் வேலை ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு, மறுக்கும் உரிமை எல்லாம் கொடுத்திருக்கிறது. அதன் பலனைப் பேச இன்னும் காலம் இருக்கிறது.

இனி எனக்குச் சந்தேகம் உள்ள பகுதி. சட்டபூர்வமாக்கினால் ஆள் கடத்தல் கூடுமா? சுமார் 150 நாடுகளை ஒப்பிட்டு 2013இல் வந்த பொருளாதார ஆய்வு, கூடுகிறது என்று கண்டது. சந்தை பெரிதானால் கடத்தி வருவதும் கூடும் என்ற தர்க்கத்தில் அபத்தம் எதுவும் இல்லை. ஆனால் கடத்தப்பட்டவர்களை யாரும் எண்ணி முடித்ததில்லை. நல்ல போலீஸும் நல்ல பதிவும் உள்ள நாட்டில் வழக்குகள் அதிகம் தெரியும், இல்லாத நாட்டில் தெரியாது. அந்த ஆய்வாளர்களே தரவின் பலவீனத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரு தரப்பிலும் உறுதியாகப் பேசுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒரு தெருவில் புதிதாக ஒரு சிறுமி கொண்டுவரப்பட்டால் முதலில் தெரிந்துகொள்வது அங்கே ஏற்கெனவே தொழில் செய்யும் பெண்கள். அவர்கள் பயப்படாமல் சொல்லக்கூடிய நிலை வேண்டும். சோனாகாச்சியில் அவர்களே குழு அமைத்துப் புதிதாக வருபவர்களின் வயதையும் விருப்பத்தையும் விசாரித்து, சிறுமிகளைத் திருப்பி அனுப்பினார்கள். 18 வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும், கட்டாயப்படுத்தப்பட்டவர் யாராக இருந்தாலும், அது குற்றம். குற்றநீக்கம் செய்த எந்த நாடும் அதை மாற்றவில்லை.

தொழிலிலிருந்து வெளியே வந்த சிலர் குற்றநீக்கத்தைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். பசியால் வந்த சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லாதே என்கிறார்கள். அவர்கள் சொல்லும் வலி நிஜம். கிளினிக்கில் நான் பார்த்தவர்களில் முழு விருப்பம், முழுக் கட்டாயம் என்ற இரண்டு முனைகளிலும் இருந்தவர்கள் குறைவு. கடன், பிள்ளை, ஓடிப்போன கணவன், மற்ற வேலையைவிடக் கொஞ்சம் கூடுதல் கூலி என்று நடுவில் இருந்தவர்களே அதிகம். அவர்களைக் கைது செய்வதால் அந்தக் கடன் அடைவதில்லை, அபராதம் கட்ட இன்னும் நான்கு இரவு கூடுதலாக வேலை செய்ய வேண்டிவருகிறது. வெளியேற நினைப்பவருக்கு வேறு வருமானமும் வீடும் வேண்டும். பழைய வழக்குப் பதிவு அழிய வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் போதாது, பணம் ஒதுக்க வேண்டும், அங்கேதான் எல்லா அரசாங்கங்களும் சுணங்குகின்றன.

வன்கொடுமை குறையுமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு சட்ட ஓட்டையால் 2003 முதல் 2009 வரை கட்டடத்துக்குள் நடக்கும் பாலியல் தொழில் குற்றமாக இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில் பதிவான வன்புணர்வுகள் சுமார் 30 சதவீதமும், பெண்களிடையே கொனோரியா என்ற பால்வினை நோய் சுமார் 40 சதவீதமும் குறைந்ததாக இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். தொழிலும் அப்போது பெருகியது என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஒரு சிறிய மாநிலம், ஆறு வருடம். அதை வைத்து உலகத்துக்கே பொதுவிதி எழுத மாட்டேன். அதைவிட, 'மற்ற பெண்கள் பத்திரமாக இருக்க இவர்கள் இருக்கட்டும்' என்ற காரணத்துக்காகச் சட்டத்தை மாற்றச் சொன்னால் நான் அந்தப் பக்கம் நிற்க மாட்டேன். வன்முறை செய்கிறவனை ஒரு கூட்டத்திடமிருந்து இன்னொரு கூட்டத்திடம் அனுப்பி வைப்பதுதான் அதன் அர்த்தம். குற்றநீக்கத்தை நான் ஆதரிப்பது, தொழிலில் இருக்கிற பெண் அடிவாங்கினால் அவளும் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க முடிய வேண்டும் என்பதற்காக.

வரி பற்றி: குற்றநீக்கம் செய்த நாடுகளில் மற்றவர்களைப் போல இவர்களும் வருமான வரி கட்டக் கடமைப்பட்டவர்கள், தனி வரி எதுவும் தேவையில்லை. கஜானா நிரம்பும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், ஜெர்மனியின் பதிவு எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும். சட்டம் அனுமதித்த நாடுகளிலும்கூடத் தொழிலின் பெயரைச் சொன்னால் கணக்குத் திறக்க மறுக்கும் வங்கிகள் இருக்கின்றன. வரி கேட்பதற்கு முன்னால் அதைச் சரிசெய்தால் நல்லது.